மலைவேம்புக் குச்சியில் வேர் பிடிக்க வைப்பது எப்படி?

மலைவேம்பு விதை லேசில் முளைக்காது, அதனால் பாலக்கோடு பக்கம் நான் குச்சியில்தான் நாற்று எடுக்கிறேன். முதிர்ந்த கிளை வேண்டாம். நல்ல மரத்தை வெட்டிய பிறகு அடிக்கட்டையில் துளிர்க்கிற இளந்தளிரை வெயில் ஏறுவதற்கு முன்பே நான்கு விரல் நீளத்துக்கு நறுக்கி, ஈரச்சாக்கில் சுற்றி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள்.

வேர் விடத் தூண்டுகிற ஐபிஏ ஹார்மோன் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. 100 மில்லிகிராமை 50 மில்லி ஆல்கஹாலில் கரைத்து, அப்புறம் 50 மில்லி தண்ணீர் சேர்த்தால் 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துக்கு ஆயிரம் பங்கு. அடிநுனியை ஐந்து நொடி நனைத்து, தென்னைநார்க் கழிவில் நடுங்கள்.

நம்மூர்ச் சித்திரைக் காற்று தளிரைச் சுருட்டிவிடும், நிழல்வலைக்குள் பாலித்தீன் கூடாரம் கட்டாயம். அதன் உள்பக்கம் நீர்த்துளி எப்போதும் முத்துமுத்தாக நிற்க வேண்டும். மெல்ல இழுத்துப் பாருங்கள், குச்சி வராமல் பிடித்துக்கொண்டால் வேர் விட்டாச்சு.