ஒயில் பில்ரர் கழற்றும்போது

கார் ஒயிலை வீட்டிலேயே மாற்றுபவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் முற்றத்து மணலில் ஜாக் மெல்லப் புதையும். அடியில் தடித்த பலகை வையுங்கள், ரயர்களுக்குக் கல் முண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் காருக்குக் கீழே போகாதீர்கள், காரைத் தாங்கி நிற்கும் ஸ்ராண்ட் கட்டாயம் வேண்டும்.

எஞ்சின் இளஞ்சூட்டுக்கு வரட்டும். முதலில் ஒயிலை வடியவிட்டு, பில்ரரை அடியிலிருந்து பார்க்க மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்புறமாகத் திருப்புங்கள். கை வழுக்கினால் சாண்ட்பேப்பரின் சொரசொரப்பான பக்கம் பில்ரரில் படும்படி சுற்றிப் பிடியுங்கள், அநேகமாக அசைந்துவிடும். ஸ்குரூ டிரைவரால் குத்தித் திருப்ப வேண்டாம், தகரம் கிழிந்தால் வேலை இரட்டிப்பு.

கழன்றதும் பழைய றப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதியதைப் பூட்டினால் ஒயில் பீறிட்டு வெளியேறும். புதிய வளையத்தில் கொஞ்சம் ஒயில் பூசி, அது எஞ்சினைத் தொட்டபின் இன்னும் முக்கால் சுற்று, கையாலேயே இறுக்கினால் போதும்.

அப்புறம், கழிவு ஒயிலை வளவில் ஊற்றாதீர்கள். நம் நிலத்தடியில் இருப்பது வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல், ஊற்றிய ஒயில் நேரே கிணற்றுக்குத்தான் போகும். கானில் அடைத்து கராஜில் கொடுங்கள்.