லெக் பிரஸ்ஸில் பாதம் வைத்த இடம்தான் தப்பு

ஆறு மாதம் ஜிம்மில் லெக் பிரஸ் (சாய்ந்து உட்கார்ந்து, எடை ஏற்றிய பலகையைக் காலால் தள்ளும் பயிற்சி) செய்தும் தொடையின் முன்பக்கம் அப்படியே இருந்தது, மறுநாள் வலியெல்லாம் பின்புறத்தில்தான். எடையைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தேன், ம்ஹூம். அப்புறம்தான் கவனித்தேன், பாதத்தைப் பலகையின் மேல் விளிம்பை ஒட்டி வைத்திருக்கிறேன். அப்படி வைத்தால் இடுப்பு அதிகம் மடங்கும், முட்டி குறைவாக மடங்கும், பாதி வேலை பிட்டத்துக்குப் போய்விடும். ஒரு சாண் கீழே இறக்கினேன். குதிகால் தூக்கியது, முட்டியில் சுருக்கென்றது. சரி என்று இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, 120 கிலோவை 80 ஆக்கி, குதிகாலை அழுத்தியபடி மெதுவாக இறக்கினேன். பன்னிரண்டாவது தடவை தள்ளும்போது முட்டிக்கு மேலே தொடை வெடவெடவென்று நடுங்கியது. பாத விரல்களை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்ததில் மட்டும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.