ஜோங்னோவைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சியோல் மாநகரின் பழைய நடுப்பகுதியான ஜோங்னோ வட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பெயரை நம்பித்தான் சறுக்குகிறார்கள். தோங்தேமுன் எனப்படும் கிழக்குப் பெருவாயில், அதே பெயர் கொண்ட தோங்தேமுன்-கூ வட்டத்தில் இருப்பதாக எழுதிவிடுவது எளிது. 1869-இல் புதுப்பிக்கப்பட்ட அவ்வாயில் நிற்பதோ ஜோங்னோவில். அதன் அருகே 2014-இல் திறக்கப்பட்ட தோங்தேமுன் டிசைன் பிளாசா ஜுங்-கூ வட்டத்தைச் சேர்ந்தது. ஜுங்-கூ என்றால் ‘நடு வட்டம்’. பூசான், தேகு, தேஜோன் நகரங்களிலும் இப்பெயரில் வட்டங்கள் உள்ளதால் நகரின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘குங்’ என்பதே அரண்மனையைக் குறிக்கும் என்பதால் ‘கியோங்போக்குங் அரண்மனை’ என்பது நம் ‘நடு சென்டர்’ போன்றதுதான் என்றாலும், புதிய வாசகருக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குவாங்வாமுன் சதுக்கத்தின் இரண்டு சிலைகளையும் அரசர்கள் என்று எழுதுவது பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று. கவசம் அணிந்து வாளுடன் நிற்பவர் கடற்படைத் தளபதி யி சுன்-சின்; இடக்கையில் புத்தகத்துடன் அமர்ந்திருப்பவர் கொரிய எழுத்தை உருவாக்கிய மன்னர் செஜோங். மன்னர் மறைந்தது 1450-இல், தளபதி பிறந்தது 1545-இல். ‘செஜோங்’ என்பது மறைவுக்குப் பின் வழங்கப்பட்ட பெயர்; அவருடைய இயற்பெயர் யி தோ. இருவருக்கும் ‘யி’ குடும்பப் பெயராதலால் அதுவே முன்னால் வர வேண்டும்.

தப்கோல் பூங்காவைக் குறிப்பிடும்போது, 1919 மார்ச் 1 அன்று கொரிய மக்களின் 33 பிரதிநிதிகளும் அங்கே கூடி, ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுதலை கோரும் பிரகடனத்தை வாசித்தார்கள் என்று எழுதுவோர் பலர். கையெழுத்திட்டோர் 33 பேர் என்பது சரியே. ஆயினும் பெருங்கூட்டத்தில் வன்முறை மூளக்கூடும் என்று அஞ்சி, அவர்களில் 29 பேர் அருகிலிருந்த தேஹ்வாக்வான் உணவகத்தில் கூடினர். பூங்காவில் காத்திருந்த மாணவர்கள் முன்னிலையில் அதை வாசித்தவர் ஜோங் ஜே-யோங் என்னும் இளைஞர். அன்றைய துணிவில் பெரும்பங்கு அந்த மாணவர்களுக்கே உரியது என்பது என் கருத்து.

புக்சோன் குடியிருப்பின் ஓட்டு வீடுகளை ‘600 ஆண்டுப் பழமையானவை’ என்று வருணிப்பதும் அதே வகைப் பிழை. பகுதி பழையது, வீடுகளில் பெரும்பாலானவை 1920-களிலும் 1930-களிலும் எழுந்தவை. ஜோங் செ-குவோன் போன்ற வீடு கட்டி விற்போர் பிரபுக்களின் பெருமனைகளை வாங்கிக் கூறுபோட்டு, நடுத்தரக் குடும்பங்களுக்கெனச் சிறுவீடுகளை வரிசையாகக் கட்டினர். கூரை விளிம்பில் மழைநீரை வாங்கும் தகரத்தையும் கூடத்துக் கதவுகளில் பதித்த கண்ணாடியையும் உற்றுப் பார்த்தாலே காலம் விளங்கிவிடும். இன்றும் அங்கே மக்கள் வாழ்கிறார்கள் என்பதால் அதைத் திறந்தவெளி அருங்காட்சியகம் என்றும் எழுதக் கூடாது.

படத் தேர்விலும் கவனம் தேவை. கியோங்போக்குங்கின் முதன்மை வாயிலான குவாங்வாமுன்னின் பெயர்ப்பலகையில் வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து இருந்தால், அது 2023 அக்டோபருக்கு முந்தைய படம். இப்போதுள்ளது கருப்புப் பலகையில் பொன்னிற எழுத்து. அதுவும், எதிரே செஜோங் அமர்ந்திருந்தும், சீன எழுத்துதான்.