பழைய டிராக்டர் வாங்கும்போது உழுத மண்ணையும் விசாரியுங்கள்

சென்ற மாதம் ஊர்க்காரர்கள் இருவர் தங்கள் முதல் டிராக்டரைப் பார்க்க என்னைத் துணைக்கு அழைத்தார்கள். இருவருமே இருக்கையில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்த கையோடு விலை பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் ஏமாந்தேன். டயர் தேய்மானம், ஆயில் கசிவு எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாக வாங்குவோர் செய்யும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மீட்டரைப் பார்த்து, மண்ணைக் கேட்காமல் விடுவது

எங்கள் மணப்பாறைப் பக்கம் மானாவாரி நிலம். நான் வாங்கியதோ மன்னார்குடிப் பக்கம் சேற்று உழவில் கிடந்த வண்டி. மீட்டரில் ஓட்டம் குறைவு, பெயிண்ட் புதிது, மயங்கிவிட்டேன். புழுதி உழவில் ஓடிய 3000 மணி நேரமும், கேஜ் வீல் (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் ஓடிய 3000 மணி நேரமும் ஒன்றல்ல. சேறும் மணலும் ஆயில் சீலை (ஆயில் கசியாமல் அடைக்கும் வளையத்தை) அரிக்கும். தேய்ந்த சீல் வழியே தண்ணீர் உள்ளே போகும், பேரிங் துருப்பிடிக்கும்.

மூன்றாம் மாதமே பின் அச்சில் உறுமல். பிரித்துப் பார்த்தால், பால் கலந்த டீ போல ஆயில். பழுதுக்கு வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கு போனது. சொந்த டிராக்டர் பட்டறையில் கிடக்க, ஆடிப்பட்டத்துக்கு வாடகை வண்டி வைத்து உழுதேன்.

இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். கியர் பெட்டியின் அடி போல்ட்டைச் சற்றே தளர்த்தச் சொல்லுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில் தங்கியிருந்தால் அதுதான் முதலில் சொட்டும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கலாம். போல்ட்டைத் தளர்த்தும் பேச்சு வந்தபோது, “எதற்குங்க, ஆயில் வீணாகும்” என்று விற்றவர் என்னிடம் சொன்னார். நானும் மரியாதைக்குத் தலையாட்டினேன். நினைத்தால் இப்போதும் எரிகிறது. சேற்று வண்டியே ஆகாது என்று சொல்லவில்லை, சேற்று வண்டிக்குரிய விலையைக் கொடுங்கள்.

சூடான எஞ்சின்

நீங்கள் போகும் முன்பே கிளப்பி வைத்திருக்கிறாரா? குளிர்ந்த எஞ்சின் கிளம்பத் திணறுவதை மறைப்பதற்காக இருக்கலாம். நாளை வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

ஹைட்ராலிக்கைச் சும்மா தூக்கிப் பார்ப்பது

கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக்கில் ரோட்டவேட்டரை (சுழல் கலப்பையை) மாட்டித் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு டீ குடித்து வாருங்கள். அதற்குள் தரையைத் தொட்டிருந்தால் செலவு காத்திருக்கிறது.

பெரிய வண்டி ஆசை

மூன்று ஏக்கருக்கு 50 எச்.பி. (குதிரைத்திறன்) எதற்கு? ஐந்து கொத்துக் கலப்பைக்கு 35 போதும். வரப்போரம் திரும்பவும் இடம் வேண்டாமா?

ஆர்.சி.யில் கடன் பதிவு

ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) கடன் பதிவாகியிருந்தால், கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்க அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் பணம் கொடுக்கும் அன்றே விற்பவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.