லேப் டைம் கணக்கில் நாங்கள் விட்ட ஓட்டைகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு மேல்மாடியில் எங்களுக்கு ஒரு அறை இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று, ஸ்டீயரிங் செட் ஒன்று, உட்கார கீழிருந்து தூக்கி வந்த ஸ்டூல். சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோடு ஆறு பேர் கூடி அசெட்டோ கோர்ஸா என்ற கார் ரேஸ் கேம் ஓட்டுவோம். லேப் டைமை, அதாவது ஒரு சுற்று முடிக்க ஆகும் நேரத்தை, முதலில் பீஸ் ரேட் எழுதும் நோட்டில்தான் குறித்தோம், அப்புறம் எக்செல் ஷீட், அதற்கும் அப்புறம் கேம் எழுதி வைக்கும் கோப்பைத் தானே படித்துப் பட்டியல் போடும் ஒரு குட்டி யுடிலிட்டி புரோகிராம். புரோகிராம் வந்தால் சண்டை நிற்கும் என்று நினைத்தோம். எச்சாத்தான் ஆனது.

முதல் ராத்திரியே கூத்து. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃபே டிராக்கில் எல்லோரும் சின்ன கார் ஒன்றை ஓட்டினோம். 20.832 கிலோமீட்டர் நீளம், எங்களைப் போன்ற கத்துக்குட்டிகளுக்கு ஒரு சுற்று முடிக்கப் பத்து நிமிடம் பக்கம் ஆகும். பட்டியலைத் திறந்தால் 10:02.400 ஓட்டிய பல்லடத்துக்காரர் முதலிடத்தில், 9:58.120 ஓட்டிய அவினாசி மாப்பிள்ளை கடைசியில். "ஏனுங் மாப்ள, மொள்ளப் போனாத்தான் இதுல ஜெயிக்கோணுமா?" என்று அவினாசிக்காரர் கேட்டது இன்னும் எங்கள் குரூப்பில் ஓடுகிறது.

ஓட்டினவர் மேல் தப்பில்லை. நாங்கள் ஷீட்டிலிருந்து புரோகிராமுக்கு மாற்றும்போது நேரம் எல்லாம் வெறும் எழுத்தாகப் போய்விட்டது. எழுத்து வரிசையில் 1 என்பது 9-க்கு முன்னால் வரும், அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்குள் முடியும் டிராக்குகளில் இது வெளியே தெரியவே தெரியாது, வருடக்கணக்கில் சரியாகவே இருக்கிற மாதிரி இருக்கும். அதனால் புதிதாக ஒரு புரோகிராமைப் போட்டதும் 9:58 ஒன்று, 10:02 ஒன்று, 1:27 ஒன்று என்று பொய்யாக மூன்று வரி போட்டு வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

எக்செல்லில் வைத்திருப்பவர்களுக்கு வேறு கண்ணி. 1:27.249 என்று தட்டினால் ஒரு நிமிடம் 27.249 விநாடி என்று சரியாகவே எடுத்துக்கொள்ளும், ஆனால் கட்டத்தில் காட்டுவது 01:27.2 மட்டும். கடைசி இரண்டு இலக்கம் உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. இதே சோம்பேறித்தனமாக 1:27 என்று மட்டும் தட்டினீர்கள் என்றால் அது ஒரு மணி 27 நிமிடம். புள்ளி இருந்தால் நிமிடம், இல்லாவிட்டால் மணி. அந்த ஒரு வரியால் சராசரி எங்கேயோ போய் நிற்கும், நீங்கள் ஃபார்முலாவில் தப்பைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

காட்டாமல் விட்ட அந்த இலக்கங்கள் சும்மா இல்லை. 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடிக்கு 55 மீட்டர் தாண்டும். பத்தில் ஒரு விநாடி என்றால் ஐந்தரை மீட்டர், அதாவது ஒரு காரின் நீளத்தைவிட எச்சு. நான் சொல்வது, நேரத்தை எப்போதும் மில்லி விநாடியில் முழு எண்ணாக ஒரு பத்தியில் வையுங்கள். 1:27.249 என்றால் 87,249. பார்வைக்கு அழகாக வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு பத்தி. கேமும் உள்ளுக்குள் மில்லி விநாடியாகத்தான் வைத்திருக்கிறது, நாம்தான் நடுவில் புள்ளியும் கோலனும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

மில்லி விநாடி வரை வைத்தாலும் சமம் வரும். 1997-ல் ஸ்பெயினில் ஹெரெஸ் டிராக்கில் நடந்த ஃபார்முலா ஒன் தகுதிச் சுற்றில், அதாவது ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் ஓட்டத்தில், வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் மூன்று பேரும் அச்சு அசலாக 1:21.072 ஓட்டினார்கள். முதலில் அந்த நேரத்தைப் போட்டவர் என்பதால் வில்நெவுக்கு முதல் இடம். ஆகவே நேரத்தோடு தேதியும் மணியும் வேண்டும். இதிலும் ஒரு சின்ன இடக்கு இருக்கிறது: சில புரோகிராம்கள் உலகப் பொது நேரத்தில் தேதி போடும், நம்முடையது அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு ஓட்டியது சனிக்கிழமை இரவு எட்டரை என்று விழும். நாங்கள் எட்டரைக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று ஒருத்தர் சத்தியம் செய்தார், அவர் சொன்னதும் சரிதான்.

இதெல்லாம் கணக்குப் பிள்ளை தப்பு, திருத்திவிடலாம். பெரிய தப்பு, கேம் எழுதி வைக்கும் கோப்பில் எல்லாம் இருக்கிறது என்று நம்புவது. அசெட்டோ கோர்ஸாவில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் பர்சனல்பெஸ்ட் என்று ஒரு ஐ.என்.ஐ. கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை. சதுர அடைப்புக்குள் காரின் ஃபோல்டர் பெயர், ஒரு அட் குறி, டிராக்கின் பெயர். அடுத்து தேதி. அடுத்து நேரம். முடிந்தது. எந்த டயர், எத்தனை லிட்டர் பெட்ரோல், ரோடு எப்படி இருந்தது, ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தது யார், ஒன்றும் கிடையாது. அதைப் படிக்கும் யுடிலிட்டி எவ்வளவு அழகாகக் கட்டம் கட்டிக் கலர் அடித்துக் காட்டினாலும் இல்லாததைக் காட்ட முடியாது.

ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த கேமில் டிராக்கின் பிடிமானத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். டஸ்டி என்று வைத்தால் 86 சதவீதத்தில் ஆரம்பிக்கும், ஆப்டிமம் என்றால் முழு 100. ஒருத்தர் புழுதி ரோட்டில் ஓட்டியதையும் இன்னொருத்தர் பிசின் மாதிரி ஒட்டும் ரோட்டில் ஓட்டியதையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்து, நீ என்ன இத்தனை மோசம் என்று கேலி செய்துகொண்டிருந்தோம், நாலு மாதமாக. பெட்ரோலும் அப்படித்தான், அறுபது லிட்டர் என்பது கிட்டத்தட்ட 45 கிலோ. இரண்டு லிட்டரில் ஓட்டியவனும் டேங்க் நிரப்பி ஓட்டியவனும் ஒரே கணக்கா?

ரேஸும் தனிச் சுற்றும் கலக்கக் கூடாது என்பதற்கு நிஜ உலகத்திலேயே ஆதாரம் இருக்கிறது. நொய்டா பக்கத்தில் புத் சர்க்யூட்டில் 2011-ல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் வெட்டல் போட்ட லேப் ரெக்கார்டு 1:27.249. ஆனால் அதே வாரக் கடைசியில் தகுதிச் சுற்றில் அவரே 1:24.178 ஓட்டியிருந்தார். மூன்று விநாடி வேகமாக ஓட்டியும் அது ரெக்கார்டு இல்லை, ஏனென்றால் ரேஸில் ஓட்டியதுதான் லேப் ரெக்கார்டு என்று கணக்கில் வரும். உங்கள் பட்டியலிலும் ரேஸ், பிராக்டீஸ், ஹாட்லேப் (நேரத்துக்காகத் தனியாக ஓட்டும் சுற்று) என்று ஒரு பத்தி போட்டுவிடுங்கள். புரோகிராமில் அதற்கு இடமில்லை என்றால் குறிப்பு எழுதும் கட்டமாவது இருக்கும், அதில் எழுதுங்கள். அதுவும் இல்லாத புரோகிராமை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது லேஅவுட். ஒரே டிராக், நாலு பாதை. நோர்ட்ஷ்லைஃபேவில் முழுச் சுற்று 20.832, ஆனால் டிக்கெட் வாங்கி ஓட்டுகிறவர்களுக்கான டூரிஸ்ட் பாதை, நடுவில் நேர்ரோட்டை விட்டுவிட்டு 19 கிலோமீட்டர் சொச்சம்தான். விட்டுப்போன அந்தத் துண்டுக்கு மட்டுமே வேகமான காருக்கு அரை நிமிடம் ஆகும். சில யுடிலிட்டிகள் டிராக் பெயரை மட்டும் படித்து லேஅவுட்டைக் கழற்றிவிடும், எல்லாம் ஒரே தலைப்பில் விழும், டூரிஸ்ட் பாதையில் ஓட்டினவன் ராஜா.

மாட், அதாவது ரசிகர்கள் செய்து கேமில் சேர்க்கும் கார், டிராக், போடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கவனம். கோயமுத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயை யாரோ ரசிகர் கேமுக்குச் செய்திருந்ததை ஊத்துக்குளித் தம்பி பென் டிரைவில் கொண்டுவந்தான். 2.1 கிலோமீட்டர், கையடக்கமான டிராக், நம்ம ஊர் டிராக் என்ற பாசம் வேறு, ஒரு மாதம் அதிலேயே கிடந்தோம். பிறகு அவனே ஃபோல்டருக்கு 'கரி புதுசு' என்று பெயர் மாற்றினான், பழையதோடு குழம்பக் கூடாதாம். மறுநாள் எல்லோர் ரெக்கார்டும் காலி. அழியவில்லை, கோப்பில் பழைய பெயரில் அப்படியே இருக்கிறது, ஆனால் கேமுக்கு அந்த டிராக் வேறு, இந்த டிராக் வேறு. இதற்கு நேர் எதிரானது இன்னும் மோசம்: காரின் புதுப் பதிப்பை அதே ஃபோல்டர் பெயரில் பழையதன் மேலேயே போட்டால், டயரும் எஞ்சினும் மாறிப்போன வண்டிக்குப் பழைய வண்டியின் ரெக்கார்டு ஒட்டிக்கொண்டே இருக்கும், எத்தனை உருண்டாலும் உடைக்க முடியாது. மாட் மாற்றும் அன்றைக்குத் தேதி போட்டுப் பழைய பட்டியலை மூடிவிட்டுப் புதுசு ஆரம்பிப்பதுதான் நியாயம்.

ஆறு பேர் ஒரே ப்ரொஃபைலில் ஓட்டுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கேம் ஒரு காருக்கு ஒரு டிராக்கில் ஒரே ஒரு நேரத்தைத்தான் வைத்துக்கொள்ளும். இரண்டாவது வேகமானவன் வரலாற்றிலேயே இல்லை. ஆளுக்கு ஒரு விண்டோஸ் யூசர் போட்டுக்கொள்ளுங்கள், அப்போது ஆளுக்கு ஒரு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர், ஆளுக்கு ஒரு கோப்பு.

கோப்பைக் கையாளும் விஷயத்துக்கு வருவோம், இங்கேதான் ரெக்கார்டு நிஜமாகவே தொலையும். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது யுடிலிட்டியில் எதையும் திருத்தாதீர்கள். கேம் பழைய பட்டியலை நினைவில் வைத்திருக்கும், திரும்ப எழுதும்போது நீங்கள் திருத்தினதன் மேல் அப்படியே எழுதிவிடும். கேமை மூடு, காப்பி எடு, பிறகு திருத்து. காப்பி என்றால் அதே ஃபோல்டரில் இல்லை, பென் டிரைவில். கிளவுட் ஒத்திசைவை நம்பி காப்பி எடுக்காமல் விட்டால், கெட்டுப்போன கோப்பையும் அது அதே விசுவாசத்தோடு மேலே ஏற்றி நல்லதை மாற்றிவிடும்.

கரண்ட் கதை வேறு. மழைக்காற்று அடித்த ஒரு சாயந்திரம், யுடிலிட்டியில் 'சேமி' அழுத்தின நொடியில் கரண்ட் போனது. திரும்பி வந்து பார்த்தால் கோப்பு இருக்கிறது, அளவு 0 கே.பி. ஒழுங்காக எழுதப்பட்ட புரோகிராம் முதலில் பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி முடித்துவிட்டுத்தான் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கும், அதனால் நடுவில் கரண்ட் போனாலும் பழையதாவது மிஞ்சும். எங்களுடையது நேராக மூலக் கோப்பின் மேலேயே எழுதுகிற ரகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழே தையல் மெஷினுக்கெல்லாம் ஜெனரேட்டர் உண்டு, மாடியில் எங்களுக்கு ஒரு யு.பி.எஸ். கூட இல்லை.

ஓட்டுநர் பெயரைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. சேமிக்கும்போது என்கோடிங் (எழுத்தைக் கோப்பில் எப்படிப் பதிவது என்ற முறை) என்ற இடத்தில் யு.டி.எஃப்.-8 இருக்கிறதா பாருங்கள். ஆன்ஸி என்று இருந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப வரவே வராது. செந்தில் என்று எழுதினாலும் எட்டு கேள்விக்குறி, முருகேசு என்று எழுதினாலும் எட்டு கேள்விக்குறி, எது யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. இதற்கு நேர்மாறாக, பழைய விண்டோஸ் நோட்பேட் யு.டி.எஃப்.-8-ல் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை ஒட்டும். அதைப் புரிந்துகொள்ளாத புரோகிராமுக்கு முதல் வரி மட்டும் மண்டையில் ஏறாது. பட்டியலில் முதல் கார் மட்டும் காணோம் என்றால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக ரீப்ளே, ஓட்டியதைத் திரும்பப் போட்டுக் காட்டும் பதிவு. ரெக்கார்டு விழுந்த உடனே அந்த ரீப்ளேயைத் தனியாகச் சேமித்து, கோப்புப் பெயரில் ஆள், கார், நேரம் மூன்றையும் போடுங்கள், இடம் போகிறதே என்று பார்க்காதீர்கள். பெனால்டியை அணைத்துவிட்டுப் புல்லுக்குள் குறுக்கே போனவனையும் கோட்டுக்குள்ளேயே ஓட்டினவனையும் பிரித்துக் காட்டுவது அது ஒன்றுதான். எங்கள் கரி டிராக் பட்டியலில் இப்போது முதலிடத்தில் இருப்பது பல்லடத்துக்காரரின் ஒரு நேரம், இரண்டாவதைவிட ஒன்றரை விநாடி குறைவு, ரீப்ளே கிடையாது, பார்த்த ஆளும் கிடையாது. குறிப்புக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம். அவர் அதை ஒவ்வொரு சனிக்கிழமையும் அழிக்கிறார், நாங்கள் திரும்பப் போடுகிறோம்.