ஆய்வக வைரமா, வேறு கல்லா? முதன்முறை வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கையிலிருக்கும் கல் வைரம்தானா என்பது முதல் கேள்வி. அந்த வைரம் பூமிக்குள் விளைந்ததா, இயந்திரத்துக்குள் விளைந்ததா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஒரு லென்ஸும் சிறிது பொறுமையும் இருந்தால் பெரும்பாலும் நாமே விடை கண்டுவிடலாம். இரண்டாவதற்கு வெறுங்கண்ணால் விடை சொல்ல அனுபவமுள்ள வைர வியாபாரியாலும் முடியாது. ஆகவே கீழுள்ள படிகளை இதே வரிசையில் பின்பற்றுங்கள்.

படி 1: ஆய்வக வைரம் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஆய்வக வைரம் போலிக் கல் அல்ல. பூமியில் கிடைக்கும் வைரத்தைப் போலவே அதுவும் கார்பன் அணுக்களாலான படிகம். கடினமும் ஒளிவிலகலும் எடையும் ஒன்றே. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டிரேசி ஹால் 1954 டிசம்பரில் செயற்கை வைரத்தை உருவாக்கினார். எச்பிஎச்டி எனப்படும் அந்த முறையில், இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் உருகிய குழம்பில் கார்பனைக் கரைத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல் 50,000 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்திலும் 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் விதை எனப்படும் ஒரு சிறு வைரத் துண்டின்மேல் படியச் செய்கிறார்கள். சிவிடி எனப்படும் மற்றொரு முறையில் பெரிய அழுத்தம் தேவையில்லை: காற்று நீக்கிய அறைக்குள் மீத்தேனும் ஹைட்ரஜனும் செலுத்தி, மைக்ரோவேவ் ஆற்றலால் அவற்றைப் பிளாஸ்மாவாக்கினால், மெல்லிய வைரத் தகடுகளின்மேல் கார்பன் படலம் படலமாக வளரும், நகைக்கேற்ற கல்லாகச் சில வாரங்கள் பிடிக்கும்.

குஜராத்தின் சூரத் இன்று இத்தகைய வைரங்களை வளர்ப்பதற்கும் பட்டை தீட்டுவதற்கும் முக்கியமான மையம். அவற்றை வளர்க்கத் தேவையான விதைகளுக்கான இறக்குமதி வரியை 2023-24 மத்திய பட்ஜெட் நீக்கியது. விதைகளையும் இயந்திரங்களையும் உள்நாட்டிலேயே உருவாக்குவதற்கான 5 ஆண்டு ஆராய்ச்சி நிதி சென்னை ஐஐடிக்கு வழங்கப்பட்டது.

படி 2: வைரமல்லாத கற்களைப் பிரித்தெடுங்கள்

கடைகளில் வைரத்துக்குப் பக்கத்தில் வைக்கப்படும் கற்களில் இரண்டைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். நம்மூரில் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கப்படுவது பொதுவாகச் சிர்க்கோனியம் ஆக்சைடு. அதற்கும் வைரத்துக்கும் எந்த உறவும் இல்லை. அதன் கடினம் மோஸ் அளவுகோலில் 8 முதல் 8.5 வரை. வைரம் 10. இந்த எண்களைப் பார்த்து வேறுபாடு சிறிது என்று எண்ணிவிடக் கூடாது; அந்த அளவுகோல் வெறும் வரிசை எண் மட்டுமே, 9இல் உள்ள கல்லைவிட வைரம் பல மடங்கு கடினமானது. சில ஆண்டுகள் அணிந்த அமெரிக்கன் டைமண்ட் கல்லை லென்ஸில் பார்த்தால், பட்டைகள் சேரும் விளிம்புகள் மழுங்கியும் மேற்பரப்பு கீறியும் தெரிவது இதனால்தான்.

மொய்சனைட் எனப்படும் சிலிக்கன் கார்பைடு வேறு தரம். கடினம் 9.25; வானவில் நிறங்களாக ஒளியைச் சிதறடிப்பதில் வைரத்தைவிட இரு மடங்குக்கும் மேல். பகட்டான மின்னலை விரும்புபவருக்கு அது நல்ல கல்லே; வைரமென்று சொல்லி விற்பதுதான் குற்றம். அதைக் கண்டுபிடிக்க 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து, கல்லைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, மேல் பட்டை வழியாக அடிப்பக்க விளிம்புகளைப் பாருங்கள். ஒரு விளிம்பு இரண்டு கோடுகளாகத் தெரிந்தால் அது வைரமல்ல, ஏனெனில் வைரத்தில் ஒளி இரண்டாகப் பிரிவதில்லை. ஒரே கோணத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். நேர் மேலிருந்து பார்த்தால் இந்த இரட்டைத் தோற்றம் மறைந்துவிடும்.

நகையில் பதிக்காத கல்லானால் எடையே போதும். 6.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட வைரம் ஏறத்தாழ 1 காரட், அதாவது 0.2 கிராம், இருக்கும். அதே அளவு மொய்சனைட் சுமார் 0.9 காரட்டும், அமெரிக்கன் டைமண்ட் 1.6 காரட்டுக்கு மேலும் இருக்கும்.

உரசிப் பார்ப்பதையும் தட்டிப் பார்ப்பதையும் தவிர்த்துவிடுங்கள். வைரம் கீறலைத் தாங்குமே தவிர, தவறான திசையில் அடிபட்டால் பிளந்துவிடும்.

படி 3: டெஸ்டர் பேனாவின் எல்லையை அறியுங்கள்

கடைகளில் வைத்திருக்கும் சாதாரண டெஸ்டர், கல் வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கடத்துகிறது என்பதை அளக்கிறது. அமெரிக்கன் டைமண்ட் இதில் தோற்றுவிடும். மொய்சனைட்டோ நன்றாக வெப்பம் கடத்துவதால் வைரமென்றே காட்டிவிடும். எனவே மின்கடத்தலையும் சேர்த்துச் சோதிக்கும் கருவியைக் கேளுங்கள். ஆய்வக வைரத்தை இவ்விரு கருவிகளும் பெரும்பாலும் வைரம் என்றுதான் சொல்லும், அது சரியான விடையும்கூட. “பேனா பீப் சத்தம் கொடுத்தது, ஆகவே இயற்கை வைரம்” என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள்.

குளோஸ் செட்டிங்கில் செய்த வைரத் தோடுகளிலும் மூக்குத்திகளிலும் கல்லின் பின்புறம் தங்கத்தால் மூடப்பட்டிருப்பதால் எடை பார்க்கவும் முடியாது, பக்கவாட்டில் பார்க்கவும் முடியாது. இத்தகைய நகைக்குக் கற்களைப் பதிக்கும் முன்பே சோதித்துச் சான்றிதழ் பெறுவதுதான் பாதுகாப்பு.

படி 4: பிறப்பிடத்தைப் பரிசோதனை ஆய்வகத்திடம் விடுங்கள்

பெரும்பாலான இயற்கை வைரங்களில் நைட்ரஜன் அணுக்கள் மிக நீண்ட காலத்தில் ஒன்றுகூடித் தொகுதிகளாகியிருக்கும்; சில வாரங்களில் வளர்ந்த கல்லில் அதற்கு வாய்ப்பில்லை. இதையும், புற ஊதா ஒளியில் தெரியும் வளர்ச்சிக் கோலங்களையும் வைத்தே ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ரத்தினப் பரிசோதனை ஆய்வகங்கள் முடிவு சொல்கின்றன. சான்றிதழ் எண் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தால், லென்ஸ் வழியாக அதைப் படித்து, ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். வளர்த்த பிறகு நிறத்தை மேம்படுத்தச் சிகிச்சை செய்யப்பட்டதா என்ற குறிப்பையும் அதில் தேடுங்கள்.

படி 5: விலையை உணர்ந்து ரசீதைக் கேளுங்கள்

டி பியர்ஸ் நிறுவனம் 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைரங்களைக் காரட்டுக்கு 800 டாலர் என விற்கத் தொடங்கியது. விலை தொடர்ந்து சரிந்த நிலையில் 2025இல் அதை மூடப்போவதாக அறிவித்தது. வளர்க்கும் இயந்திரங்கள் பெருகப் பெருக விலை இறங்குவது இயல்பு. ஆகவே ஆய்வக வைரத்தை அழகுக்காக வாங்குங்கள், சேமிப்பாகக் கருதி வாங்காதீர்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற விளம்பரத்தை நம்பும் முன், அந்தத் தொழிற்சாலை எந்த மின்சாரத்தில் இயங்குகிறது என்று கேளுங்கள்.

ரசீதில் “ஆய்வகத்தில் வளர்த்த வைரம்” என்ற சொற்கள், சான்றிதழ் எண், திரும்பக் கொடுத்தால் கிடைக்கும் சதவீதம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். கல்லின் எடையும் தங்கத்தின் எடையும் தனித்தனியாகக் காட்டப்பட வேண்டும். 5 காரட் என்பது 1 கிராம்; நகையின் மொத்த எடையிலிருந்து கல்லின் எடையைக் கழித்த பிறகே தங்கத்துக்கு விலை போடச் சொல்லுங்கள்.