ரெனசான்ஸ் திருவிழாவுக்கு முதல்முறை போகிறீர்களா? மதியத்துக்கான திட்டம்

அமெரிக்காவின் ஹூஸ்டனுக்கு வடமேற்கே டாட் மிஷன் என்ற சிற்றூரில் 1974 முதல் டெக்சஸ் ரெனசான்ஸ் (ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால) திருவிழா நடந்துவருகிறது. அக்டோபர், நவம்பர் வார இறுதிகளில் அந்தத் திடல் 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஊராக மாறிவிடும். ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க முடியாது. எதைப் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுப் போனால் நன்றாக ரசிக்கலாம்.

1. டிக்கெட், பணம்

டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே வாங்குங்கள். சனிக்கிழமையை விட ஞாயிறு கூட்டம் குறைவு. வண்டி நிறுத்தும் இடம் பெரிய புல்வெளி, எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும். இறங்கியதும் வரிசைப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 5 டாலர் நோட்டுகளாகச் சில்லறை வேண்டும். மேடைக் கலைஞர்கள் காட்சி முடிந்ததும் தொப்பியை நீட்டுவார்கள், பலருக்கு அதுதான் முக்கிய வருமானம். பிடித்திருந்தால் தலைக்கு 5 டாலர் போடுங்கள்.

2. உடை

வேஷம் கட்டாயமில்லை, ஆனால் போட்டுக்கொண்டு போனால் அனுபவமே வேறு. தொளதொளப்பான வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட், மேலே கையில்லாத வெஸ்ட், அதற்கும் மேலே அகலமான தோல் பெல்ட். இதுவே போதும். பெண்களுக்கு அதே சட்டையோடு கணுக்கால் வரை பாவாடை. தரையைத் தொட்டால் புழுதியையும் சேற்றையும் வாரிக்கொண்டு வரும்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது துணியில்தான். கடைகளில் தொங்கும் ஆயத்த வேஷங்கள் பெரும்பாலும் பாலியஸ்டர் வெல்வெட். அக்டோபரிலும் அங்கே 30 டிகிரி தாண்டும், அந்தத் துணி வியர்வையை உறிஞ்சாது, ஒரு மணி நேரத்தில் கழற்றி எறியத் தோன்றும். பருத்தி அல்லது லினன் போடுங்கள். காலுக்கு ஏற்கெனவே பழகிய ஷூ. புது பூட்ஸ் கொப்புளம் போட்டுவிடும்.

இடுப்பில் வாள் இருந்தால் உறையிலிருந்து உருவ முடியாதபடி வாசலிலேயே கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டை அவிழ்க்காதீர்கள்.

3. ஜவுஸ்ட்

குதிரை மேல் ஈட்டியோடு மோதும் இந்தப் போட்டிதான் நாளின் உயிர். உள்ளே போனதும் அட்டவணையில் அதன் நேரத்தைப் பார்த்து, மற்றவற்றை அதைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். 40 நிமிடம் முன்பே போய் உட்காருங்கள். மாலை வெயில் முகத்தில் அடிக்காமலிருக்க அரங்கின் மேற்குப் பக்கம் நல்லது. முதல் வரிசையில் புழுதி பறக்கும்; நாலைந்து வரிசை மேலே உட்கார்ந்தால் இரு குதிரைகளையும் பிரிக்கும் நடுவேலியின் இரு பக்கமும் தெரியும்.

பார்வையாளர் உட்காரும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வீரர் உண்டு. உங்கள் பகுதி வீரருக்குத் தொண்டை கிழியக் கத்துங்கள், அதுதான் முறை. இத்தகைய காட்சிகளில் ஈட்டியின் நுனிக்குப் பெரும்பாலும் பால்சா போன்ற இலேசான மரத்தைப் பொருத்துவார்கள். கேடயத்தில் பட்டதும் அது நொறுங்கி, அடியின் வேகத்தைக் குறைக்கும்.

4. சாப்பாடு

வெளி உணவை உள்ளே விடமாட்டார்கள். பெயர் போனது புகையில் வெந்த வான்கோழிக் கால். உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்து வேகவில்லை என்று திருப்பிக் கொடுக்காதீர்கள்: உப்போடு நைட்ரைட் என்ற பதப்படுத்தும் பொருளைச் சேர்த்து ஊறவைப்பதால் வரும் நிறம் அது. உப்பு தூக்கல், அதனால் ஒன்றை இருவர் பகிர்ந்துகொண்டு தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஈரத் துடைப்பான் கட்டாயம் வேண்டும்.

5. கடைகள், கிளம்பும் நேரம்

கண்ணாடி ஊதுபவரையும் கொல்லரையும் ஜவுஸ்டுக்கு முன்பே நின்று பாருங்கள், ஆனால் வாங்குவதைக் கடைசிக்கு வையுங்கள். கண்ணாடிப் பொருளைக் கூட்டத்தில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. இரவு வாணவேடிக்கை முடிந்ததும் எல்லா வண்டிகளும் ஒரே சாலைக்கு வரும். குழந்தைகளோடு வந்திருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.